நீல டிரம் தண்ணீரும் கஸ்தூரியின் பம்ப் பாட்டிலும்

1. அலமாரி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை ஓர் அலமாரியைத் துடைப்பது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, இஸ்திரி போட்ட சுடிதாரில் போய் நின்றவளின் கையில் ஒரு பழைய துணியைக் கொடுத்து, பேட்ச் நம்பர் வரிசைப்படி அடுக்கி வைக்கச் சொன்னார் அப்போதைய லேப் இன்சார்ஜ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா மூன்று வருடம் காலேஜ் போனோம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் துடைத்தேன்.

அது கன்ட்ரோல் சாம்பிள் அலமாரி. தயாராகும் ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு பாட்டில் எடுத்து அதில் வைத்துவிடுவார்கள். நாளைக்கு ஒரு கம்ப்ளெயின்ட் வந்தால் எடுத்துப் பார்க்க. மூன்று வருடப் பழைய சரக்கு வரை அதில் இருந்தது. துடைக்கத் துடைக்க எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. ஃப்ளோர் கிளீனர் வெளுத்துப் போயிருந்தது. பிளீச்சிங் லிக்விட் பாட்டில்கள் வயிறு உப்பி நின்றன. பாத்திரம் கழுவும் லிக்விடின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. டாய்லெட் கிளீனர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் அப்படியே இருந்தது, ஆசிட் அல்லவா. ஹேண்ட் வாஷில் ஒன்றிரண்டு பாட்டில் தேன் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டியது தண்ணீராய் ஓடியது.

சோப்பு கெட்டுப்போகுமா என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. கிருமியைக் கொல்கிற பொருளில் கிருமி எப்படி வரும் என்பது அவர்கள் நியாயம். அடப் போங்கய்யா. சாதாரண சோப்பு கிருமியைக் கொல்வதில்லை. தோலிலிருந்து கழற்றிவிடுகிறது, தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது. அவ்வளவுதான். லிக்விட் சோப்பில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி குடியேறும். அதைத் தடுக்கத்தான் பிரிசர்வேட்டிவ் என்று துளியூண்டு மருந்து சேர்க்கிறோம். அது தாங்கும் வரைதான் அந்தப் பாட்டிலுக்கு ஆயுள்.

பாட்டிலின் பின்பக்கம் 'தயாரித்த நாளிலிருந்து 24 மாதங்கள்' என்று போட்டிருக்குமே, அது வானத்திலிருந்து வருவதில்லை. சூட்டுப் பெட்டியில் மாதக்கணக்கில் வைத்து, வேண்டுமென்றே கிருமியைச் சேர்த்து அது சாகிறதா என்று பார்த்து, ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். எங்கள் கம்பெனியில் பதினோரு வருடம் அந்தக் கையெழுத்து என்னுடையது.

கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில் இருந்தது. பெரிய பெரிய பிராண்டுகளுக்கு நாங்கள் தயாரித்து, அவர்கள் லேபிளை ஒட்டிக் கொடுப்போம். மொத்தம் நூற்றுப் பத்துப் பேர் வேலை செய்தோம்.

2. கெய்சன்

இந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குக் கெய்சன் போர்டு தெரிந்திருக்கும். கார் கம்பெனிகள் கொண்டுவந்த பழக்கம், பிறகு சின்ன கம்பெனிகளுக்கும் தொற்றிக்கொண்டது. வேலையை மிச்சப்படுத்த யார் ஐடியா கொடுத்தாலும் போட்டோவோடு போர்டில் ஒட்டுவார்கள். வருடக் கடைசியில் சிறந்த ஐடியாவுக்குப் பரிசு. ஒரு வருடம் அது எனக்கு வந்தது. ஒரு பிரஷர் குக்கரும் சர்டிஃபிகேட்டும்.

என் ஐடியா இதுதான். ஒரு டன் ஹேண்ட் வாஷ் தயாரித்த பிறகு டேங்கையும் பைப்பையும் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அந்த அலசு தண்ணீர் நேராக எஃப்ளுவென்ட் என்னும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகும். தொட்டி நிறைந்தால் டேங்கர் லாரி வந்து எடுக்க வேண்டும். லாரி நினைத்த நேரத்துக்கு வராது. தொட்டி நிரம்பினால் புரொடக்‌ஷன் நிற்கும். அந்த அலசு தண்ணீரில் இருப்பது நம் சோப்புதானே, வேறென்ன? அதை நீல டிரம்மில் பிடித்து வைத்து, அடுத்த பேட்ச் போடும்போது தண்ணீருக்குப் பதில் ஊற்றினால் என்ன என்று எழுதிக் கொடுத்தேன். தொட்டி நிறைவது பாதியாகக் குறைந்தது. என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

முறையாகத்தான் எழுதினேன். டிரம்மில் பிடித்த தண்ணீரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் போட்டு மிக்சிங் ரூம் சுவரில் ஒட்டினேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரி. அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். எங்கள் வீட்டில் முந்தின நாள் பிடித்த தண்ணீரில் சமைக்க மாட்டார்கள். காலையில் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பார்கள். கெமிஸ்ட்ரி படித்த திமிரில் நான் அதை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

3. கேப்பிங் லைன் கஸ்தூரி

மிக்சிங் ஆபரேட்டர் ஏழுமலை உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். பேச்சுக் குறைவு, கை சுத்தம். அவர் போட்ட பேட்ச்சில் உப்பு கூடியது, பெர்ஃப்யூம் குறைந்தது என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் மனைவி கஸ்தூரியும் எங்கள் கம்பெனிதான். பாட்டிலுக்கு மூடி போடும் கேப்பிங் லைனில் இருந்தாள். இரண்டு பேரும் இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ரூம்களில் ஒன்றில் இருந்தார்கள். குழந்தைகள் இல்லை.

கஸ்தூரிக்கு வாய் நீளம். நான் லைனுக்குள் போனாலே, "ஏய், கையெழுத்து வருது, மூடிய டைட்டா போடுங்கடி" என்பாள். நான் ரிஜெக்ட் செய்துவிட்டால் மாற்றவே மாட்டேன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். "மேடம் கையெழுத்து போட்டா போட்டதுதான். வல்லக்கோட்டை முருகனே வந்து சொன்னாலும் மாத்த மாட்டாங்க" என்று என் எதிரிலேயே சொல்லுவாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

அவளுக்கு பி.பி. இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. கால் வீங்கி, முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தது. வேலையை விட்டாள். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் வயிற்று வழி டயாலிசிஸ் சொன்னார்கள். தொப்புள் பக்கத்தில் ஒரு டியூப் வைத்துவிடுவார்கள். ஒரு பை திரவத்தை அதன் வழியாக வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் கழித்து வெளியே வடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை. மெஷின் வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் ஒன்று. டியூப்பைத் தொடும் கை சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி நேராக வயிற்றுக்குள் போய்விடும்.

ஏழுமலை ஆஸ்பத்திரியில் பத்து நாள் டிரெயினிங் எடுத்தார். பிறகு என் லேபுக்கு வந்து, கை கழுவுவதை நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி செய்து காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டார். முழங்கை வரை நுரைத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, பார்க்கவே அழகாக இருந்தது. என்ன சோப்பு வாங்கலாம் என்று கேட்டார். அதற்கு நான் சொன்னதை மறக்க முடியாது. "வெளியில எதுக்கு வாங்குறீங்க? நம்ம ஹேண்ட் வாஷைவிட எது சுத்தம்? நீங்க போடுறது, நான் பாக்குறது."

அவர் வீட்டு வாசலில் ஒரு வாஷ்பேசின் வைத்து, முழங்கையால் திறக்கிற மாதிரி நீளக் கைப்பிடிக் குழாய் மாட்டினார். இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆஸ்பத்திரியில் மற்ற நோயாளிகளுக்கு ஏழுமலையைக் காட்டி, இவரைப் போல் இருங்கள் என்று சொல்வார்களாம்.

4. நாலு நாள் லீவு

அந்த வருடம் ஆயுத பூஜையை ஒட்டி நான்கு நாள் லீவு சேர்ந்து வந்தது. பூஜைக்கு முந்தின நாள் டேங்கை அலசிய தண்ணீர் நீல டிரம்மில் நின்றது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தபோது யாரோ அந்த டிரம்முக்கும் பொட்டு வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழுமலை லேப் வாசலில் வந்து நின்றார். நான் போனில் இருந்தேன். ஒரு பிராண்டிலிருந்து ஃபேக்டரியைச் சோதிக்கும் ஆடிட்டர் அந்த மாதம் வருவதாக இருந்தது, அது சம்பந்தமான பேச்சு.

"மேடம், டிரம்முல தண்ணி நிக்குது. நாலு நாளு ஆயிடுச்சி. ஊத்தட்டுமா, கீழ வுட்டுடட்டுமா?"

கொட்டச் சொன்னால் எஃப்ளுவென்ட் தொட்டி வழியும், லீவில் லாரி வரவில்லை. தொட்டி வழிவது ஆடிட்டர் கண்ணில் பட்டால் வேறு வினையே வேண்டாம். போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன். "அதுல பிரிசர்வேட்டிவ் இருக்கும்ல. ஊத்துங்க."

இதை இளம் கெமிஸ்ட்டுகள் கவனமாகப் படிக்க வேண்டும். அலசு தண்ணீரில் பிரிசர்வேட்டிவ் இருந்தது, உண்மைதான். ஆனால் தண்ணீர் கலந்து நீர்த்துப்போய், கிருமியைக் கொல்லும் அளவுக்குக் கீழே இருந்தது. கொல்லாமல் சும்மா பழக்கிவிடும் அளவு. நான்கு நாள் அந்த மருந்திலேயே ஊறிப் பழகிய கிருமியை, அதே மருந்து போட்ட புது பேட்ச்சில் ஊற்றினால், அது அங்கே சாகாது. வளரும். எனக்கு இது தெரியாதா? தெரியும். பரீட்சை வைத்தால் இரண்டு பக்கம் எழுதுவேன்.

பேட்ச் தயாரானது. பிஎச் சரி, கெட்டித்தன்மை சரி, வாசனை சரி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோ டெஸ்ட்டுக்கு மட்டும் மூன்று நாள் வேண்டும். பிளேட்டில் ஊற்றி, சூட்டுப் பெட்டியில் வைத்து, ஏதாவது முளைக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். எந்த டிஸ்பாட்சும் மூன்று நாள் காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. ரிசல்ட் நன்றாகத்தான் வரும் என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பிவிடுவோம். எப்போதும் நன்றாகத்தான் வந்தது. அன்றைக்கும் போட்டேன்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃபில்லிங் பம்ப் டேங்கின் அடி வரை உறிஞ்சாது. கடைசியில் எழுபது எண்பது லிட்டர் தங்கிவிடும். டேங்க் அடி என்று அதற்குப் பெயர். அதை மிக்சிங் ஆட்கள் வீட்டிலிருந்து கேன் கொண்டுவந்து பிடித்துக்கொள்ளலாம். கொட்டினால் தொட்டிதானே நிறையும், போகட்டும் என்று எல்லோரும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தோம். அதற்கு லேபிள் கிடையாது, பேட்ச் நம்பர் கிடையாது, எந்தப் புத்தகத்திலும் வராது. அந்தத் திங்கட்கிழமை நான்கு பேர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழுமலை அதில் ஒருவர்.

5. பச்சை

வியாழக்கிழமை சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். பிளேட் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. சூடோமோனாஸ் என்ற கிருமி அந்த நிறம் காட்டும். தண்ணீரில் வளர்வது. ஆரோக்கியமான ஆள் கையில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. புண் இருந்தாலோ, உடம்புக்குள் டியூப் இருந்தாலோ அது வேறு கதை.

அன்றைக்கு நான் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பத்து நிமிடத்தில் ஃபேக்டரி மேனேஜர் ரகுராமன் அறையில் இருந்தேன். சரக்கு பென்னலூர் கோடவுனில்தான் நின்றது, கடைக்குப் போகவில்லை. கார்ட்டன் கணக்குப் பார்த்து, ஒன்று விடாமல் திரும்ப வரவழைத்து, அழிக்க ஏற்பாடு செய்தேன். டிரம்மைப் பிளீச் விட்டுக் கழுவினேன். ஒரு பாட்டில்கூட வெளியே போகவில்லை மேடம், தப்பித்தோம் என்றார் ரகுராமன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டேங்க் அடி என் நினைவுக்கே வரவில்லை. பேப்பரில் இல்லாதது என் கண்ணில் இல்லை. முப்பத்தைந்து வருட சர்வீஸில் நான் பழகியிருந்தது அப்படி.

6. கேன்

அடுத்து இரண்டு வாரம் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை டீ டைமில் ஏழுமலை ஒரு ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வந்தார். நான்கு நாளாக அவர் வேலைக்கு வரவில்லை. முகம் சுருங்கிக் கிடந்தது.

கஸ்தூரிக்கு வயிற்றிலிருந்து வடிந்த திரவம் கலங்கலாக வந்ததாம். தெளிவாக, லேசான மஞ்சளாக வர வேண்டியது. வலி தாங்காமல் துடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்றுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிருமியின் பெயரை டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். ஏழுமலை அதை மடிப்புப் பிரித்து என்னிடம் நீட்டினார். எனக்குப் படிக்கத் தேவையிருக்கவில்லை.

"வூட்டு தண்ணியையும் சோப்பையும் பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. தண்ணிய அவங்களே எடுத்துக்கினாங்க. சோப்பு நம்மளுதுதான, மேடமே பாத்துருவாங்கன்னு நான் இங்க எடுத்துக்கினு வந்துட்டன்."

எப்போது பிடித்தது என்று கேட்டேன்.

"பூஜ லீவு முடிஞ்சி வந்தமே, அந்த திங்கக்கெழம. டேங்க் அடி. புது சரக்கு மேடம், ரெண்டு வருசம் தாங்கும்."

அந்த இடத்தில், அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து நான் சொன்னது, "டெஸ்ட் பண்ணணும் ஏழுமலை. மூணு நாள் ஆகும்."

சரக்கு லாரியை அனுப்பும்போது ஒருநாளும் காத்திருக்காத மூன்று நாளை, அவரிடம் மட்டும் கேட்டேன்.

அதுவரை இந்தச் சோப்பைத் தொட வேண்டாம், கடையில் வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். ஏன், இதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சும்மா ஒரு சேஃப்டிக்கு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ரகுராமனிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் மகள் கல்யாணத்துக்குக் கம்பெனி மொத்தத்தையும் அழைத்து, பந்தியில் நின்று பரிமாறியவர். நிதானமாகத்தான் பேசினார்.

"மேடம், அது நம்ம ப்ராடக்டே இல்ல. பேட்ச் ரெக்கார்டுல இருக்கா? லேபிள் இருக்கா? ஆளு கேன்ல பிடிச்சிட்டுப் போனது. இத நாம எழுத்துல குடுத்தோம்னா பிராண்டுக்காரன் ஆர்டர கேன்சல் பண்ணிடுவான். நூத்துப் பத்து குடும்பம்." பிறகு, "டிரம் ஐடியா உங்களுது. ரிலீஸ் சைன் உங்களுது. நான் உங்களுக்காகவும்தான் சொல்றேன்" என்றார்.

எனக்கு ரிடையர்மென்ட்டுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. பயந்துவிட்டேன். இதற்கு வேறு நல்ல வார்த்தை ஏதும் இல்லை.

மூன்றாம் நாள் பிளேட் பச்சையாக வந்தது. நான்காம் நாள் ஏழுமலை கேட்டபோது, தெளிவாக ஒன்றும் வரவில்லை, எதற்கும் அந்தச் சோப்பு வேண்டாம், கேனைக் கொட்டிவிட்டேன் என்றேன்.

"சரி மேடம். நீங்க பாத்தா போதும்" என்றார்.

டாக்டரிடமும் அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார், சோப்பில் ஒன்றுமில்லையாம், எங்கள் மேடம் பார்த்துவிட்டார் என்று.

7. பம்ப் பாட்டில்

மூன்று வாரத்தில் கஸ்தூரி தேறி வீட்டுக்கு வந்தாள். நான் போனில் பேசினேன். "இன்னா மேடம், உங்க சோப்ப வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே. சாமி வந்து சொல்லுச்சா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிழைத்துவிட்டாள், இனி எதற்குக் கிளற வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்கூட வந்தது.

கார்த்திகை கடைசியில் மறுபடி கலங்கல். அதே கிருமி. இந்த முறை மருந்துக்கு அடங்கவில்லை. டியூப்பை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் குழாய் போட்டு, வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்த டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் பி.பி. இறங்கிப் படுத்துவிடுவாள். இதயம் தாங்கவில்லை. பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது கஸ்தூரி போய்விட்டாள். நாற்பத்தொரு வயது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ரூமில் திரவப் பை தொங்கவிடும் கொக்கி சுவரில் அப்படியே இருந்தது. காலண்டரில் ஒவ்வொரு தேதியிலும் எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று கஸ்தூரி கையால் எழுதிய எண்கள். சாப்பிட்ட கையைக் கழுவ வாசலுக்குப் போனேன்.

வாஷ்பேசின் மேல் ஒரு பம்ப் பாட்டில் இருந்தது. எங்கள் கம்பெனி பாட்டில். மூடி நிறம் மாறிப்போய் ரிஜெக்ட் ஆனது. உள்ளே கடையில் வாங்கிய பச்சை நிறச் சோப்பு. அடி மடிப்பில் வெள்ளையாக, முத்துப் போலக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளை எங்கள் ஹேண்ட் வாஷ்.

ஏழுமலையைக் கூப்பிட்டு, இந்தப் பாட்டில் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டேன்.

"அது கஸ்தூரி லைன்ல இருக்கச்சொல்ல எடுத்துக்கினு வந்தது மேடம். காலியாவே வுட மாட்டா. பாதி ஆனா போதும், கேன்லேர்ந்து மேலயே ஊத்திடுவா. நீங்க வேற சோப்பு வாங்கச் சொன்னீங்களே, அத்தையும் இதுலதான் ஊத்தி வெச்சா."

இந்தக் கிருமி பம்பின் குழாய்க்குள்ளும் பாட்டில் சுவரிலும் படலம் போட்டு ஒட்டிக்கொள்ளும். மேலே எவ்வளவு நல்ல சோப்பை ஊற்றினாலும் அதையும் கெடுக்கும். பாட்டிலைத் தூக்கி எறிந்தால்தான் போகும். லேபுக்கு வரும் டிரெயினிகளுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுப்பது இது.

அங்கேயே, வாசலில் நின்றபடி, எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், போனை மூடிக்கொண்டு நான் சொன்ன பதில், முன்கூட்டிப் போட்ட கையெழுத்து, வியாழக்கிழமை பிளேட், ரகுராமன் பேச்சு, என் பயம். ஏழுமலை தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாலாம் நாளு, தெளிவா ஒண்ணும் வரலன்னு சொன்னீங்களே. அப்ப தெரியுமா மேடம்?"

"தெரியும்."

அந்தக் குழாயின் நீளக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா பாட்டிலத் தூக்கிப் போட்டுருப்பமே."

அவ்வளவுதான். திட்டியிருந்தால், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருந்தால் எனக்கு எங்காவது பிடித்து நிற்க ஒரு இடம் இருந்திருக்கும். அவர் உள்ளே போய், மிச்சமிருந்த திரவப் பெட்டிகளை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுக்கக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தார். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பம்பிலிருந்து எடுத்த சாம்பிள் மூன்றாம் நாள் பச்சையாக வந்தது. கேன், பம்ப் இரண்டின் ரிசல்ட்டையும் நடந்ததையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பி கம்பெனிக்கும் ஒன்று பிராண்டுக்கும் ஒன்று அந்த டாக்டருக்கும் ஒன்று ஏழுமலைக்கும் கொடுத்தேன். கம்பெனி என்னை ராஜினாமா செய்யச் சொன்னது, செய்தேன். நீல டிரம் போயிற்று. பிராண்டு ஆர்டரைக் குறைத்தது, ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள், இருபது பேருக்கு வேலை போனது. ரகுராமன் சொன்னது பொய்யில்லை. ஏழுமலை ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. என் போனை அவர் எடுப்பதில்லை.

இப்போதும் பழைய பிள்ளைகள் சந்தேகம் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். ரிசல்ட் வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள், நின்ற தண்ணீரை ஊற்றாதீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் கற்றுக்கொண்டது வேறு. ஏதோ ஒரு சரக்கில் கோளாறு, கஸ்டமரிடம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் மேடம் என்பார்கள். ஏன் வேண்டாம் என்று சொன்னீர்களா என்று கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்பார்கள். அப்போது அவர்களிடம் கஸ்தூரி வீட்டைப் பற்றிச் சொல்வேன். ஏழுமலையும் கஸ்தூரியும் என் பேச்சைத் தட்டவில்லை. நான் சொன்னபடியே கடைக்குப் போய் வேறு சோப்பு வாங்கி வந்து, அதே பாட்டிலில் ஊற்றி வைத்தார்கள்.